பாஜோ நின்ற இடம்

2001 ஏப்ரல் 1. துரின் நகரின் தெல்லே ஆல்பி மைதானம். ஸாம்ப்ரோட்டா அடித்த கோலால், பிரேஷா அணிக்கு எதிராக யுவென்டஸ் 1-0 என்று முன்னால் நிற்கிறது. ஆட்டம் முடிய நான்கைந்து நிமிடம்தான் பாக்கி. நடுக்களத்திலிருந்து நெடுந்தூரம் பறந்து வந்த பந்து, ஓடிக்கொண்டிருக்கும் பிரேஷா ஆட்டக்காரர் ராபர்டோ பாஜோவின் தோளைத் தாண்டி இறங்குகிறது. காலால் ஒரே ஒரு தட்டு. அந்தத் தட்டிலேயே பந்தும் அடங்கிவிடுகிறது, முன்னேறி வந்த கோல் கீப்பர் வான் டெர் ஸாரும் ஏமாந்துவிடுகிறார். மிச்சம் இருப்பது காலி வலை. 1-1. இந்தக் கோலைப் பார்க்காத கால்பந்து ரசிகர்கள் குறைவு. எனக்கு உறுத்துவது வேறொன்று. சுற்றில் இருக்கும் வீடியோத் துண்டுகளில் பலவும், பந்து காற்றில் இருக்கும்போதுதான் தொடங்குகின்றன. அனுப்பியவரின் கால்கூடத் தெரிவதில்லை. பாஜோவின் அந்தத் தொடல் அப்படிப்பட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் பத்தாண்டு இத்தாலியக் கால்பந்தை மாற்றப்போகிற விஷயம் அந்தத் துண்டில் வெட்டுப்பட்டுப் போன பகுதியில் இருக்கிறது.

அனுப்பியவர் ஆந்த்ரேயா பிர்லோ. வயது 21. இன்டர் மிலானில் இடம் கிடைக்காமல், அரை சீசனுக்கு இரவலாகப் பிரேஷாவுக்கு வந்தவர். பிறந்த ஊர் பிரேஷாவை ஒட்டிய ஃப்ளேரோ என்பதால் வீட்டுக்குத் திரும்பியது மாதிரிதான். அங்கே அவர் ஆடியது மொத்தம் 10 லீக் ஆட்டங்கள். கோல் ஒன்றும் இல்லை. ஆட்டக்காரர் அட்டவணையில் கண் நிற்காமல் கடந்துபோகும் வரி அது. பிர்லோவின் வாழ்க்கையில் திருப்பம் எது என்று கேட்டால், 2006 உலகக் கோப்பையையோ 2003 சாம்பியன்ஸ் லீக்கையோ விட்டுவிட்டு இந்த வரியைத்தான் நான் காட்டுவேன்.

பிர்லோவைப் பற்றி இரண்டு வாசகங்கள் ஓயாமல் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, அவரை ரெஜிஸ்தாவாகக் கண்டுபிடித்தவர் மிலான் பயிற்சியாளர் அன்செலொட்டி என்பது. மற்றொன்று, ஓடாமலேயே ஆடியவர் என்பது. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, அவர் ஆடிய இடத்தையே புரிந்துகொள்ளாத பேச்சு.

முதலில் அந்தச் சொல். இத்தாலிய மொழியில் சினிமா இயக்குநருக்கும் ரெஜிஸ்தா என்றுதான் பெயர். கால்பந்தில், தன் டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று, ஆட்டம் எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர். பிர்லோ அப்படி வளர்ந்தவர் அல்ல. 1995 மே மாதம் 16 வயதில் பிரேஷாவுக்காக இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆ-வில் இறங்கியபோது அவர் ஒரு ட்ரெக்வார்திஸ்தா. ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால், எதிரணியின் நடுக்களத்துக்கும் டிஃபென்ஸுக்கும் இடைப்பட்ட சந்தில் ஆடுகிறவர். 10-ஆம் எண் சட்டைக்காரரின் இடம் என்றால் எல்லோருக்கும் புரியும்.

1998-இல் இன்டர் அவரை வாங்கியது. அங்கே அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தார். பாஜோ. கூடவே ஜோர்கேஃப் வேறு. போதாக்குறைக்கு, அந்த ஒரே சீசனில் இன்டர் நான்கு பயிற்சியாளர்களைப் பார்த்தது. அடுத்த சீசனில் பிர்லோவை ரெஜ்ஜினாவுக்கு இரவல் கொடுத்தார்கள். 28 ஆட்டம், 6 கோல் என்று நன்றாகவே ஆடினார். 2000 கோடையில் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையை இத்தாலி வென்றது. செக் அணியை 2-1 என்று வீழ்த்திய இறுதியாட்டத்தில் இரண்டு கோலும் பிர்லோவினுடையவை. அந்த இளைஞர் அணியின் பயிற்சியாளர் மார்கோ தார்தெல்லி. அதே தார்தெல்லி சில மாதங்களில் இன்டரின் பயிற்சியாளராக வந்தார். பிர்லோவுக்கு விடிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். ஜனவரியில் அவர் பிரேஷாவுக்கு இரவல் போய்விட்டார். அந்த சீசனில், ஒரே ஊரின் இன்டரும் மிலானும் மோதும் மிலான் டெர்பியில் இன்டர் 0-6 என்று தோற்றது தனிக் கதை.

பிரேஷாவுக்கு வந்தால் அங்கேயும் பாஜோ! 33 வயதில், இன்டரை விட்டு அவரும் அங்கேதான் வந்திருந்தார். பயிற்சியாளர் கார்லோ மாட்ஸோனேவுக்கு வயது 64. ரோமைச் சேர்ந்த பழுத்த அனுபவசாலி, புதுமைக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. அவருக்கு முன்னால் இருந்த கணக்கு எளியது. பாஜோவை நகர்த்த முடியாது. பிர்லோவை வெளியே உட்கார வைக்கவும் மனமில்லை. ஆகவே அவரை முப்பது மீட்டர் பின்னால் இறக்கி, டிஃபென்ஸுக்கு முன்னால் நிறுத்தினார். இடநெருக்கடிக்குச் செய்த ஏற்பாடுதான், பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. சின்ன வீட்டில் விருந்தாளி வந்தால் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றுவோமே, அந்த மாதிரி.

முப்பது மீட்டரில் என்ன மாறியது

ட்ரெக்வார்திஸ்தாவுக்குப் பந்து வரும்போது அவர் முதுகு பெரும்பாலும் எதிரணிக் கோலைப் பார்த்து இருக்கும். பின்னால் ஒரு டிஃபெண்டர் மூச்சு படும் தூரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பார். முன்னாலிருந்து ஒரு மிட்ஃபீல்டர் நெருக்கிக்கொண்டு வருவார். பந்தை அடக்க வேண்டும், திரும்ப வேண்டும், திரும்பியதும் முதல் மூன்று அடியில் ஆளை உதற வேண்டும். பாஜோவாலும் பின்னாளில் காகாவாலும் இது முடிந்தது. பிர்லோவிடம் அந்த முதல் மூன்று அடி வேகம் கிடையாது. அவரிடம் இருந்தது வேறு சரக்கு: யார் எங்கே ஓடப்போகிறார்கள் என்று முன்பே பார்க்கும் கண், பந்தை எத்தனை எடையில் அனுப்ப வேண்டும் என்று தெரிந்த பாதம். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவருக்கு இந்த இரண்டும் இருந்தும் பயனில்லை. அவர் பார்க்க வேண்டிய களம் அவருக்குப் பின்னால் இருக்கிறது.

பின்னால் இறங்கியதும் முகம் கோலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. கிட்டத்தட்ட மொத்தக் களமும் கண்ணுக்கு முன்னால். பக்கத்தில் இருக்கும் எதிரணிக்காரர் யார் என்றால், ஒரு ஸ்ட்ரைக்கர். அன்றைய சீரி ஆ-வில் அணிகள் தம் பாதிக்குள் இரண்டு வரிசையாக இறங்கி நின்று தடுக்கும். ஸ்ட்ரைக்கர்கள் மேலே நின்று பந்துக்காகக் காத்திருப்பார்கள். எதிரணி ரெஜிஸ்தாவைத் துரத்துவது அவர்கள் வேலை என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. மொத்தக் களத்திலும் ஆளில்லாமல் கிடந்த இடம் அதுதான். மாட்ஸோனே இதையெல்லாம் யோசித்துச் செய்தாரா என்பது முக்கியமில்லை. தரையில் கிடந்த முதலை தண்ணீருக்குள் போனதும் என்ன ஆகுமோ அது ஆயிற்று.

ஆனால் இடம் சும்மா கிடைத்துவிடவில்லை. முன்னால் ஆடும்போது பந்தைப் பறிகொடுத்தால் நஷ்டம் பெரிதில்லை, எதிரணி எழுபது மீட்டர் ஓடி வர வேண்டும். இங்கே பறிகொடுத்தால் பின்னால் இரண்டு சென்ட்ரல் டிஃபெண்டர்களும் கீப்பரும் மட்டும்தான். ஆகவே பிர்லோ முதலில் மாற்ற வேண்டியிருந்தது, பந்து வருவதற்கு முந்தைய இரண்டு நொடிகளை. பழைய ஆட்டங்களைப் பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்தால் தெரியும். பந்து மிலான் டிஃபெண்டர் நெஸ்தாவிடமிருந்து கிளம்பும் முன்பே வலத் தோளுக்கு மேலே ஒரு பார்வை, இடத் தோளுக்கு மேலே ஒரு பார்வை. உடம்பு பாதி திறந்த நிலையில், இரண்டு பக்கமும் போகலாம் என்கிற மாதிரி நிற்கும். ஆள் நெருங்கினால் பந்தை எடுக்கப்போவதாகத் தோளைச் சாய்த்துவிட்டு, அதைத் தொடாமலே கால்களுக்கு நடுவே உருளவிட்டுத் திரும்பிவிடுவார். இல்லையென்றால் டிஃபெண்டரை நோக்கி நான்கு மீட்டர் வந்து, கூடவே வந்தவரை இழுத்துக்கொண்டு, ஒரு தட்டில் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த ஆள் விட்டு வந்த இடத்துக்கே போய் மறுபடி வாங்குவார். ஓடாதவர் என்கிறார்களே, ஒரு ஆட்டத்தில் இந்த நான்கு மீட்டர் நடையை அவர் எத்தனை முறை போடுகிறார் என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம். கண்ணில் படாத ஓட்டம் அது.

2001 கோடையில் மிலான் அவரை வாங்கியது. நவம்பரில் பயிற்சியாளர் ஃபாத்தி தெரிம் போய், அன்செலொட்டி வந்தார். அங்கே ரூயி கோஸ்தா இருந்தார். அடுத்த கோடையில் ரிவால்டோவும் வந்தார், ஸீடோர்ஃபும் வந்தார். ஸீடோர்ஃபையும் அனுப்பி வைத்தது இன்டர்தான். பக்கத்து வீட்டுக்காரனுக்கு இவ்வளவு தாராளமாக யாரும் கொடுத்ததில்லை. மறுபடியும் அதே நெருக்கடி: 10-ஆம் எண் இடத்துக்கு நான்கு பேர். பிரேஷாவில் மாட்ஸோனே தன்னைப் பின்னால் ஆட வைத்ததைச் சொல்லி, அந்த இடத்தைக் கேட்டவர் பிர்லோதான் என்று அன்செலொட்டியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்செலொட்டி தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். அவருடைய பங்கு அந்தத் தலையசைப்பிலும், அதற்குப் பிறகு அணியையே அதைச் சுற்றி அடுக்கியதிலும் இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1997-இல் பார்மாவில் இருந்தபோது, நான்கு டிஃபெண்டர், நான்கு மிட்ஃபீல்டர், இரண்டு ஸ்ட்ரைக்கர் என்ற தன் 4-4-2 அமைப்பில் ட்ரெக்வார்திஸ்தாவுக்கு இடமில்லை என்று பாஜோவை வேண்டாம் என்றவர் இதே அன்செலொட்டி. அதற்காகப் பிறகு வருந்தியதாகவும் சொல்லியிருக்கிறார். ஆளுக்கேற்ப அமைப்பை மாற்றக் கற்றுக்கொண்ட பிறகுதான் அவர் மிலானுக்கு வந்தார். ஆக, பாஜோ மூன்று தடவை இந்தக் கதைக்குள் வருகிறார். ஒவ்வொரு தடவையும் அவர் செய்தது ஒன்றுதான், ஒரு இடத்தில் நின்றார்.

ஒரே நிலம், இரண்டு பந்து

2008-இலிருந்து தெல்லே ஆல்பியை இடித்துத் தள்ளினார்கள். அதே நிலத்தில் யுவென்டஸ் தன் சொந்த மைதானத்தைக் கட்டியது. அங்கே முதல் லீக் ஆட்டம் 2011 செப்டம்பர் 11, எதிரணி பார்மா. பிர்லோவுக்கு அது யுவென்டஸ் சட்டையில் முதல் லீக் ஆட்டம். முதல் பாதியின் நடுவே, நடுக்களத்தில் பந்து அவர் காலுக்கு வருகிறது. தலை நிமிர்கிறது. வலப் பக்க டிஃபெண்டர் லிக்ட்ஸ்டைனர் அந்தத் தலை நிமிர்வைப் பார்த்தே ஓட ஆரம்பிக்கிறார். பந்து டிஃபென்ஸின் தலைக்கு மேலே போய், ஓடுகிறவர் முன்னால் இறங்குகிறது. கோல். 2001-இல் பாஜோவுக்குப் போன பந்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் பத்து வருடமும் ஒரு மைதானமும் போயிருக்கின்றன. பந்தின் வளைவு அப்படியே இருக்கிறது.

இந்தப் பந்தில் கஷ்டம் தூரத்தில் இல்லை. நாற்பது மீட்டர் உதைக்க முடிந்த ஆட்கள் ஒவ்வொரு அணியிலும் நாலு பேர் உண்டு. அது இறங்க வேண்டிய ஜன்னல் சிறியது. கடைசி டிஃபெண்டரின் தலையைத் தாண்ட வேண்டும், கீப்பர் வெளியே வந்து பிடித்துவிடாத தூரத்தில் விழ வேண்டும். தாழ்வாக வேகமாக அடித்தால் தலை எட்டிவிடும். உயரமாக மெதுவாக அடித்தால் டிஃபெண்டர் திரும்பி ஓடிப் பிடித்துவிடுவார். பிர்லோ பாதத்தைப் பந்துக்கு அடியில் செருகி, காலை முழுவதும் பின்னால் இழுக்காமல் சின்ன வீச்சில் அடிப்பார். இரண்டு லாபம். பந்து பின்புறமாகச் சுழன்றுகொண்டே போவதால், விழுந்ததும் வழுக்கி ஓடாமல் ஓடுகிறவருக்காக நிற்கும். கால் வீச்சு குட்டையாக இருப்பதால், நீளப் பந்து வருகிறதா பக்கத்து ஆளுக்குப் போகிறதா என்று டிஃபெண்டரால் கடைசி வரை கண்டுபிடிக்க முடியாது. அவர்கள் திரும்பும் நேரத்தில் ஓடுகிறவர் இரண்டு மீட்டர் முன்னால் போயிருப்பார். இதில் தப்பு நேர்ந்தால் பெரும்பாலும் அது ஓடுகிறவர் பக்கம். சீக்கிரம் கிளம்பினால் ஆஃப்சைடு, தாமதித்தால் பந்து கீப்பர் கைக்குப் போகும். லிக்ட்ஸ்டைனரும் மார்க்கீஸியோவும் பிர்லோவின் தலை எப்போது நிமிர்கிறது என்று படித்துவைத்திருந்தார்கள்.

மிலான் அவரை ஏன் அனுப்பியது என்று இன்றும் அந்த ஊர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அன்றைய கணக்கில் பார்த்தால் அது அவ்வளவு முட்டாள்தனம் இல்லை. 2010-11 சீசனில் காயங்களால் பிர்லோ 17 லீக் ஆட்டங்கள்தான் ஆடினார். பயிற்சியாளர் அல்லெக்ரி டிஃபென்ஸுக்கு முன்னால் வான் பொம்மல், அம்ப்ரோஸீனி மாதிரி முரட்டு ஆட்களை நிறுத்தி, லீக் பட்டத்தையும் வென்றுவிட்டார். வயது முப்பதைத் தாண்டியவருக்கு ஒரு வருட ஒப்பந்தம்தான் என்றது கிளப். தொடர்ந்து இரண்டு சீசன் ஏழாவதாக முடித்திருந்த யுவென்டஸ் அவரைக் காசு கொடுக்காமல் கூட்டிப்போனது. அடுத்த சீசனில் 38 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது. பிர்லோ அங்கே இருந்த நான்கு சீசனும் பட்டம் யுவென்டஸுக்குத்தான்.

அந்த இடத்துக்கு ஆகும் செலவு

ஒருவரை டிஃபென்ஸுக்கு முன்னால் நிறுத்தி, நீ பந்தைப் பறிக்க வேண்டாம், கொடுத்தால் போதும் என்று சொன்னால், அவர் பறிக்காத பந்தை வேறு யாராவது பறிக்க வேண்டும். மிலானில் அந்தச் செலவை வலப் பக்கம் கத்தூஸோ கட்டினார், இடப் பக்கம் அம்ப்ரோஸீனியோ ஸீடோர்ஃபோ. யுவென்டஸில் விதாலும் மார்க்கீஸியோவும். இத்தாலிய தேசிய அணியில் மறுபடி கத்தூஸோ, பிறகு தெ ரோஸ்ஸி. கத்தூஸோவின் சட்டையில் மண்ணும் பிர்லோவின் சட்டையில் இஸ்திரி மடிப்பும் இருந்ததாகக் கிண்டல் செய்வார்கள். கிண்டல் சரிதான். ஆனால் அதைப் பிர்லோவின் சோம்பலாகப் படிப்பது தவறு. இரண்டு பேருக்கும் ஒரே வேலை, இரண்டாக வெட்டிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒருவர் இல்லாமல் மற்றவர் அந்த இடத்தில் ஒரு மாதம் நிற்க முடியாது.

செலவு கட்ட ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2005 மே 25 அன்று இஸ்தான்புல்லில் மிலானும் லிவர்பூலும் மோதிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் காட்டியது. முதல் நிமிடத்திலேயே பிர்லோவின் ஃப்ரீ கிக்கில் மால்டீனி கோல். இடைவேளைக்குள் 3-0. இடைவேளையில் லிவர்பூல் ஃபின்னனை எடுத்துவிட்டு ஹாமனை இறக்கி, பின்னால் மூன்று பேராக மாறியது. காகா நுழைந்துகொண்டிருந்த சந்தை ஹாமன் அடைத்தார். அதைவிடப் பெரிய விளைவு வேறு: ஜெரார்டுக்குப் பின்னால் காவல் நிற்கும் வேலை போய்விட்டது. அவர் ஓட ஆரம்பித்தார், எங்கே? பிர்லோவைத் தாண்டி, மிலான் டிஃபென்ஸுக்கு முன்னால் இருக்கும் அதே இடத்துக்குள். 54-வது நிமிடம் ரீஸாவின் கிராஸில் ஜெரார்டின் தலை. 56-இல் ஸ்மிட்சர் தூரத்திலிருந்து. 60-இல் பாக்ஸுக்குள் பாய்ந்த ஜெரார்டைப் பின்னாலிருந்து துரத்தி வந்த கத்தூஸோ இடறிவிட்டார். பெனால்டி. 3-3. துரத்தி வந்தவர் கத்தூஸோ என்பதைக் கவனியுங்கள். செலவு கட்டுகிறவர் ஒரு அடி தாமதமாக வந்தால் கடை மூடிவிடும். ஷூட்அவுட்டில் பிர்லோ அடித்ததை லிவர்பூல் கீப்பர் டூடெக் தடுத்தார், கோப்பை லிவர்பூலுக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து ஏதென்ஸில் அதே லிவர்பூலுக்கு எதிராக அவர் அடித்த ஃப்ரீ கிக் இன்ஸாகியின் உடம்பில் பட்டுக் கோலானது, கோப்பை மிலானுக்கு வந்தது. அதைக் கணக்கு தீர்த்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை.

இன்னொரு வழி, நேராக ஆளைப் போட்டு அடைப்பது. 2010 பிப்ரவரி, மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக்கில் மான்செஸ்டர் யுனைடெட் செய்தது இதுதான். பார்க் ஜி-சுங்கை நடுவில் முன்னால் நிறுத்தி, உன் வேலை பந்து இல்லை, பிர்லோ என்றார் பயிற்சியாளர் ஃபெர்குசன். சளைக்காமல் ஓடும் ஆள். பிர்லோ நான்கு மீட்டர் பின்னால் வந்தால் அவரும் வந்தார், திரும்பினால் அவரும் திரும்பினார். முதல் ஆட்டம் 3-2, இரண்டாவது 4-0. இரண்டாவதில் பார்க் கோலும் அடித்தார். எல்லா அணிகளும் ஏன் இதையே செய்யவில்லை? ஒரு ஆளை இதற்கென்றே ஒதுக்கினால், உங்கள் தாக்குதலில் ஒரு ஆள் குறைவு. அந்த ஆள் பந்து கிடைத்ததும் எதிர்ப்பக்கம் ஓடவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். பார்க் மாதிரி இரண்டும் தெரிந்தவர்கள் கடையில் கிடைப்பதில்லை.

யுவென்டஸில் பயிற்சியாளர் கோன்தே இதற்கு மாற்று வைத்திருந்தார். மூன்று சென்ட்ரல் டிஃபெண்டர்களில் நடுவில் நின்ற பொனூச்சி. பிர்லோ மேல் ஆள் ஒட்டினால், பிர்லோ அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு ஓரமாக நகர்ந்துவிடுவார். திறந்த நடுவழியில் பொனூச்சி முன்னேறி நீளப் பந்தை அடிப்பார். பொனூச்சியை விட்டுவிட முடியாது என்று ஒரு ஸ்ட்ரைக்கர் அவரிடம் போனால் பிர்லோ விடுபட்டார். பந்தைத் தொடாமலே அவர் செய்த வேலை இது, புள்ளிவிவரப் பட்டியலில் வராது. 2014 உலகக் கோப்பையில் மனாஸில் இங்கிலாந்துக்கு எதிராக மார்க்கீஸியோ அடித்த கோலிலும் இதே தந்திரம். தன்னை நோக்கி வந்த பந்தின் மேல் கால் வைக்கப்போவதுபோல் போய், அப்படியே போகவிட்டார். ஒட்டிய ஆள் அவரோடு போனார், பந்து மார்க்கீஸியோவிடம் போனது.

மூன்று விரல்

ஃப்ரீ கிக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். சீரி ஆ-வில் நேரடி ஃப்ரீ கிக் கோல்கள் 26. அவருக்கு மேலே 28 கோல்களுடன் மிஹாய்லோவிச் மட்டும். பிரான்சின் லியோன் அணியில் ஆடிய பிரேசில்காரர் ஜுனின்யோவின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றது அந்த அடி. பாதத்தின் முதல் மூன்று விரல்கள் மட்டும் பந்தின் அடிப்பகுதியில் பட வேண்டும், பாதம் நேராக இருக்க வேண்டும், அடித்ததும் காலைத் தளரவிட வேண்டும் என்று அவரே விளக்கியிருக்கிறார். பந்து கிட்டத்தட்ட சுழலாமல் போகும். சுழற்சி இருந்தால் காற்று அதை ஒரே பக்கமாக வளைக்கும், கீப்பர் அந்த வளைவைக் கணித்துவிடலாம். சுழலாத பந்தில், தையல் எந்தப் பக்கம் காற்றைச் சந்திக்கிறதோ அதைப் பொறுத்துத் தள்ளாட்டம் மாறிக்கொண்டே இருக்கும், கடைசியில் சட்டென்று இறங்கும். தொடும் இடம் மயிரிழை பிசகினால் சுழற்சி ஏறிவிடும், அப்புறம் அது கீப்பருக்குக் கையில் கொடுக்கும் பந்து. கோலுக்கு மிக அருகில் கிடைக்கும் ஃப்ரீ கிக்குக்கும் இது உதவாது. சுவரைத் தாண்டி இறங்கத் தூரம் போதாது. 2013-இல் மரக்கானாவில் மெக்சிகோவுக்கு எதிராக, அவரது 100-வது தேசிய ஆட்டத்தில், இப்படி ஒன்று வலைக்குள் போனது. மனாஸில் கடைசி நிமிடங்களில் அடித்தது கிராஸ்பாரில் பட்டுத் திரும்பியது. இங்கிலாந்து கீப்பர் ஜோ ஹார்ட் அப்போது வேறு திசையில் போய்க்கொண்டிருந்தார்.

பாவம் ஹார்ட், இரண்டு வருடம் முன்பு கீவ் நகரில் யூரோ 2012 காலிறுதி ஷூட்அவுட்டில் பட்டதும் அவர்தான். மோன்தோலீவோ வெளியே அடித்துவிட்டு வந்திருந்தார், இத்தாலி பின்தங்கியிருந்தது. கோட்டில் குதித்துக் குதித்துப் பயம் காட்டிக்கொண்டிருந்தார் ஹார்ட். அவர் ஒரு பக்கம் பாய்ந்தார், பிர்லோ நடுவில் மெல்லத் தூக்கிப் போட்டார். அடுத்து வந்த யங் பாரில் அடித்தார், அவருக்குப் பின் வந்த ஆஷ்லி கோல் என்ற ஆட்டக்காரரின் பெனால்டியை இத்தாலிய கீப்பர் பூஃபோன் தடுத்தார்.

2006 உலகக் கோப்பையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கானாவுக்கு எதிராக முதல் கோல், பெர்லினில் மட்டேரட்ஸியின் தலைக்குப் போன கார்னர், ஷூட்அவுட்டின் முதல் பெனால்டி. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியின் 119-வது நிமிடத்தில், கார்னரிலிருந்து வெளியே வந்த பந்து பாக்ஸின் விளிம்பில் அவர் காலுக்கு வருகிறது. வலப்பக்கமாகச் சில அடி நகர்கிறார். நாலு ஜெர்மானியர்கள் அவரைச் சுற்றிக் கூடுகிறார்கள். எங்கோ பார்த்துக்கொண்டே குரோஸ்ஸோவின் இடது காலுக்கு ஒரு பாஸ். கோல். அவர் நின்றிருந்த இடத்தைப் பாருங்கள். அது ரெஜிஸ்தாவின் இடம் இல்லை. எதிரணி டிஃபென்ஸின் வாசல், பழைய ட்ரெக்வார்திஸ்தாவின் இடம். இன்டரில் அவருக்குக் கிடைக்காமல் போனது. அவருடைய மிகப் பெரிய பாஸ், எட்டு வருடம் முன்பு அவரைத் துரத்திவிட்ட அந்த இடத்திலிருந்துதான் போனது.

2015-இல் அதே பெர்லின் மைதானத்தில் பார்சிலோனாவிடம் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் தோற்று அழுதுகொண்டே வெளியே வந்தார். அதுதான் யுவென்டஸுக்காக அவருடைய கடைசி ஆட்டம். பிறகு நியூயார்க்கில் இரண்டரை சீசன், 2017 நவம்பரில் ஓய்வு. தேசிய அணிக்கு 116 ஆட்டங்கள். நியூயார்க் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே அவருக்காகச் செலவு கட்ட ஆளில்லை.

2020 ஆகஸ்டில், முதுநிலை அணி ஒன்றுக்குக்கூடப் பயிற்சியாளராக இருந்திராத பிர்லோவிடம் யுவென்டஸ் பொறுப்பைக் கொடுத்தது. கோப்பா இத்தாலியாவும் சூப்பர் கோப்பையும் வென்றார். லீக்கில் நாலாவது இடம், ஒன்பது வருடத் தொடர் வெற்றி முடிந்தது. முடித்து வைத்தது இன்டர், அதன் பயிற்சியாளர் கோன்தே. அந்த இடத்தில் ஆடிவந்த பியானிச் பார்சிலோனாவுக்குப் போய்விட்டிருந்தார். டிஃபென்ஸுக்கு முன்னால் ஆர்தரையும் பெந்தன்குரையும் மாற்றி மாற்றி நிறுத்தினார் பிர்லோ. காலமும் மாறியிருந்தது. இப்போது ஸ்ட்ரைக்கர்கள் மேலே காத்திருப்பதில்லை. முதலில் அவர்கள் ஓடி வருவதே அந்த இடத்துக்குத்தான்.

2021 பிப்ரவரி 17, சாம்பியன்ஸ் லீக்கில் போர்ட்டோ அணிக்கு எதிராக யுவென்டஸ். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் தாண்டியிருக்கிறது. கீப்பர் ஷ்செஸ்னி தன் பாக்ஸின் விளிம்பில் நின்ற பெந்தன்குரிடம் பந்தைக் கொடுக்கிறார். அவருக்கு முகம் தன் கோலைப் பார்த்து, முதுகு களத்தைப் பார்த்து. நெருக்கிக்கொண்டு ஆள் வருகிறார். பெந்தன்குர் பந்தை ஷ்செஸ்னிக்கே திருப்பித் தட்டுகிறார், வேகம் போதவில்லை. இடையில் சறுக்கிக்கொண்டு வந்த போர்ட்டோ ஸ்ட்ரைக்கர் தரேமியின் கால் அதைத் தொட்டு வலைக்குள் தள்ளுகிறது.